கடுங்குளிர் வரும் என்கிறார்கள்: எந்தக் கணிப்பை எவ்வளவு நம்பலாம்?

அக்டோபர் பிறந்தால் போதும், பிரிட்டனின் பரபரப்புப் பத்திரிகைகளில் 'நூறாண்டு காணாத குளிர் வருகிறது' என்று ஒரு தலைப்பு வந்துவிடும். நான்கு மாதம் கழித்துப் பார்த்தால், பெரும்பாலான ஆண்டுகளில் குடையும் மழைக்கோட்டுமாகவே குளிர்காலம் கழிந்திருக்கும். நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. இந்த முறை குளிர் அவ்வளவாக இருக்காது என்று அரசின் வானிலை அலுவலகமே சொன்ன ஆண்டில், தீவு முழுக்க வெள்ளை போர்த்திக் கிடந்தது. இரண்டையும் பார்த்தவர்கள் கேட்கிறார்கள்: மூன்று மாதம் கழித்து வரும் குளிரைச் சொல்லத் தெரியாதவர்கள், ஐம்பது ஆண்டு கழித்து வரும் வெப்பத்தை மட்டும் எப்படிச் சொல்கிறார்கள்?

கேள்வியில் தப்பில்லை. ஆனால் அதற்குள் மூன்று வெவ்வேறு வேலைகள் ஒரே முடிச்சாகக் கிடக்கின்றன. அதை அவிழ்க்க 2009–10 குளிர்காலத்தைப் போல வசதியான எடுத்துக்காட்டு வேறு இல்லை.

## முதலில் சொற்கள்

1. வானிலை முன்னறிவிப்பு: நாளைக்கு மழையா, வியாழக்கிழமை எத்தனை டிகிரி என்பது. ஒரு வாரம் வரை நன்றாகவே பலிக்கிறது. இரண்டு வாரத்தைத் தாண்டினால் குறிப்பிட்ட ஒரு நாளைப் பற்றிச் சொல்ல எதுவும் மிஞ்சாது.

2. பருவகாலக் கணிப்பு: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சேர்த்துப் பார்த்தால் வழக்கத்தைவிடக் குளிர் கூடுமா குறையுமா என்பது. எந்த நாள் எப்படி என்று இது சொல்லாது. எந்தப் பக்கம் சாய வாய்ப்பு அதிகம் என்று மட்டும்தான் சொல்லும்.

3. காலநிலைக் கணிப்பு: பத்துப் பத்து ஆண்டுகளாக எடுத்துச் சராசரி எங்கே நகர்கிறது என்பது. 'வழக்கம்' என்று வானிலை அலுவலகங்கள் சொல்வதே பொதுவாக 30 ஆண்டுச் சராசரியைத்தான்.

தமிழில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மார்கழிப் புல்நுனியில் நிற்பதும் பனி, ஊட்டியில் விடியற்காலை உறைவதும் பனி, லண்டனில் வானத்திலிருந்து விழுவதும் பனி. மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று சொல்லிப் பழகிய நமக்கு, கூரையில் ஒரு சாண் உயரத்துக்கு ஏறி நிற்கிற பனிக்குத் தனிச் சொல் தேவைப்பட்டதே இல்லை. இந்தக் கட்டுரையில் பனி என்றால் மேலேயிருந்து பஞ்சாகக் கொட்டுவதுதான்.

## 2009–10இல் நடந்தது

கதை குளிர்காலத்தில் தொடங்கவில்லை, கோடையில் தொடங்குகிறது. 2009 ஏப்ரல் 30 அன்று பிரிட்டனின் வானிலை அலுவலகமான மெட் ஆபீஸ் கோடைக்கான கணிப்பை வெளியிட்டது. வழக்கத்தைவிட வெப்பம் கூடுதலாக இருக்க 65 சதவீத வாய்ப்பு என்பது உள்ளே இருந்த கணக்கு. செய்திக்குறிப்பில் அதற்கு வைத்த பெயர் 'பார்பிக்யூ கோடை'. தோட்டத்தில் அடுப்பு மூட்டி இறைச்சி சுடலாம் என்று சொன்னால் எந்தப் பத்திரிகைதான் விடும்? ஜூலையில் மழை கொட்டித் தீர்த்தது. சராசரி வெப்பநிலை வழக்கத்தைவிடச் சற்று கூடுதலாகவே இருந்தது என்பது இதில் உள்ள வேடிக்கை. மழை வழக்கத்தை மிஞ்சாது என்ற கணக்குதான் கவிழ்ந்தது. ஆனால் நனைந்த அடுப்பின் முன்னால் நிற்பவரிடம் சராசரி வெப்பநிலையைப் பற்றிப் பேச முடியுமா?

அடுத்து குளிர்காலக் கணிப்பு வந்தது. இந்தக் குளிர்காலம் மிதமாக இருக்கவே வாய்ப்பு அதிகம், கடுங்குளிருக்கு வாய்ப்பு குறைவு என்றார்கள். டிசம்பர் நடுவில் பனி தொடங்கியது. 2010 ஜனவரி 7 அன்று நாசாவின் டெரா செயற்கைக்கோள் எடுத்த படத்தில் பிரிட்டன் தீவு தலையிலிருந்து கால்வரை வெள்ளையாகத் தெரிகிறது. மறுநாள் வட ஸ்காட்லாந்தின் ஆல்ட்னஹாராவில் பதிவான வெப்பநிலை மைனஸ் 22.3 டிகிரி செல்சியஸ். 1978–79க்குப் பிறகு அந்த நாடு கண்ட மிகக் குளிர்ந்த குளிர்காலம் அதுதான்.

2010 மார்ச்சில் மெட் ஆபீஸ், பொதுமக்களுக்குப் பருவகாலக் கணிப்பு வெளியிடுவதையே நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. கணக்குப் போடுவதை நிறுத்தவில்லை. மேடையேற்றுவதை நிறுத்தியது, அவ்வளவுதான். ஒன்பது மாதம் கழித்து 1910 முதலான தேசியப் பதிவிலேயே மிகக் குளிர்ந்த டிசம்பர் வந்தது. டிசம்பர் 18 அன்று பெய்த பனியில் ஹீத்ரோ விமான நிலையம் முடங்கியது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கிளம்பியவர்கள் பெட்டிகளையே தலையணையாக வைத்து முனையத்தில் படுத்துக் கிடந்தார்கள். அப்போது லண்டன் மேயராக இருந்த போரிஸ் ஜான்சன், மெட் ஆபீஸைவிடத் தனியாளாகக் கணிப்புச் சொல்லும் பியர்ஸ் கார்பினே மேல் என்று பத்திரிகையில் எழுதினார். கார்பின் சூரியனின் செயல்பாட்டை வைத்துக் கணிப்பதாகச் சொல்பவர். தன் கணக்கு முறையை முழுமையாக வெளியே காட்டாதவர்.

## இரண்டு வாரத்துக்கு மேல் ஏன் முடியாது?

1961இல் அமெரிக்காவின் எட்வர்ட் லோரன்ஸ் கணினியில் ஒரு எளிய வானிலை மாதிரியை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடி முடிந்த ஒரு கணக்கின் பாதியிலிருந்து மறுபடி தொடங்க நினைத்து, அச்சடித்த தாளில் இருந்த எண்ணை அப்படியே உள்ளிட்டார். கணினிக்குள் இருந்தது 0.506127. தாளில் இருந்தது 0.506. ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லாத வித்தியாசம். முதலில் பழைய கணக்கின் கோடும் புதிய கணக்கின் கோடும் ஒன்றாகப் போயின, பிறகு விலகின, கடைசியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் போய்விட்டன. வளிமண்டலத்தின் குணம் அது. தொடக்கத்தில் எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும், அளக்காமல் விட்ட சிறு பிழை நாள் தோறும் வளர்ந்து இரண்டு வாரத்தில் கணிப்பை விழுங்கிவிடும்.

சரி, அப்படியானால் மூன்று மாதக் கணிப்பு என்று ஒன்று எப்படி இருக்க முடியும்? காற்று மறந்துவிடும், கடல் அவ்வளவு சீக்கிரம் மறக்காது. பசிபிக் கடலின் வெப்பம் (எல் நினோ, லா நினா), அட்லாண்டிக்கின் மேற்பரப்பு, மிக உயரத்தில் வீசும் காற்றின் திசை ஆகியவை மெதுவாக மாறுபவை. அவை காற்றை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளலைத்தான் பருவகாலக் கணிப்பு பிடிக்கப் பார்க்கிறது.

## ஐஸ்லாந்துக்கும் அசோர்ஸுக்கும் நடுவில்

பிரிட்டனின் குளிர்காலம், வடக்கே ஐஸ்லாந்துக்கும் தெற்கே அட்லாண்டிக் நடுவிலுள்ள அசோர்ஸ் தீவுகளுக்கும் இடையிலான காற்றழுத்த வித்தியாசத்தில்தான் தொங்குகிறது.

வரைபடத்தைப் பார்த்தால் லண்டன் டொரண்டோவைவிட வெகு வடக்கே இருக்கிறது: லண்டன் 51.5 டிகிரி வட அட்சம், டொரண்டோ 43.7. ஆனால் ஜனவரியில் டொரண்டோவின் சராசரி சுமார் மைனஸ் 4, லண்டனில் சுமார் 5. இரண்டு ஊரிலும் சொந்தக்காரர்கள் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இது போனிலேயே தெரிந்த விஷயம். காரணம் அட்லாண்டிக்கின் மேலிருந்து வரும் மேற்குக் காற்று. ஐஸ்லாந்துப் பக்கம் தாழ்வழுத்தமும் அசோர்ஸ் தீவுப் பக்கம் உயர் அழுத்தமும் இருக்கும்போது, நடுவில் மேற்குக் காற்று கடலின் கதகதப்பை அள்ளிக்கொண்டு பிரிட்டனுக்குள் வருகிறது. இந்த வித்தியாசம் ஏறுவதும் இறங்குவதும்தான் 'வட அட்லாண்டிக் அலைவு'.

1. வித்தியாசம் பெரிதானால் மேற்குக் காற்று பலமாகும். மழை, புயல், ஆனால் குளிர் குறைவு.
2. வித்தியாசம் சுருங்கினால் மேற்குக் காற்று தளரும். கிழக்கிலிருந்தும் வடக்கிலிருந்தும், ரஷ்யாவையும் ஆர்க்டிக்கையும் தொட்ட காற்று உள்ளே வரும்.

2009–10இல் இந்த வித்தியாசம் நூறாண்டுக்கும் மேலான பதிவில் காணாத அளவுக்குச் சுருங்கியது. பிரிட்டன் உறைந்த அதே மாதங்களில் கிரீன்லாந்தும் வடகிழக்குக் கனடாவும் வழக்கத்துக்கு மீறிய வெப்பத்தில் இருந்தன. குளிர் புதிதாக உருவாகவில்லை, இடம் மாறிவிட்டது.

இதோடு 'துருவச் சுழல்' என்பதையும் சேர்க்க வேண்டும். தரையிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேலே தொடங்கும் ஸ்ட்ராட்டோஸ்பியர் அடுக்கில், குளிர்காலத்தில் வடதுருவத்தைச் சுற்றி ஒரு பெரிய காற்றுச் சுழல் ஓடுகிறது. சில ஆண்டுகளில் அந்த அடுக்கின் வெப்பநிலை சில நாட்களிலேயே 50 டிகிரி வரைகூட ஏறி, சுழல் உடைந்துவிடும். அதன் விளைவு இரண்டு மூன்று வாரத்தில் தரைக்கு இறங்கி, மேற்குக் காற்றைத் தளர்த்தலாம். 2018 பிப்ரவரி 12 அளவில் அப்படி உடைந்தது. மாதக் கடைசியில் 'கிழக்கிலிருந்து வந்த மிருகம்' என்று பேர் வாங்கிய பனி பிரிட்டனை மூடியது.

'தளர்த்தலாம்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். 2019 ஜனவரித் தொடக்கத்தில் மறுபடி சுழல் உடைந்தது. மறுபடி மிருகம் வருகிறது என்று தலைப்புகள் பறந்தன. குளிர் இறங்கியது அமெரிக்காவில். ஜனவரி 30 அன்று சிகாகோவில் மைனஸ் 30 டிகிரியைத் தாண்டியது. பிரிட்டனில் பிப்ரவரி 26 அன்று லண்டன் கியூ தோட்டத்தில் 21.2 டிகிரி; அந்த நாட்டின் குளிர்கால வெப்பத்துக்கே அது புதிய உச்சம்.

## 65 சதவீதம் என்றால் என்ன?

ஐயம் முளைக்கிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

65 சதவீத வாய்ப்பு என்று சொன்ன கணிப்பு ஒரு முறை பொய்த்தால், கணிப்பாளர் தவறு செய்தார் என்று ஆகாது. அப்படிப்பட்ட நூறு கணிப்புகளில் 35 பொய்க்க வேண்டும் என்பதுதான் அந்த எண்ணின் பொருளே. நூறும் பலித்துவிட்டால், 65 என்று சொன்னதுதான் தப்பு! எனவே ஒரு பருவத்தை வைத்து யாரையும் மெச்சவும் முடியாது, திட்டவும் முடியாது. பல ஆண்டுக் கணிப்புகளை வரிசையாக வைத்துத்தான் சோதிக்க முடியும்.

இதைக் கேட்டால் தப்பித்துக்கொள்ள வழி தேடுவதுபோலத் தோன்றும். உண்மையில் இது கணிப்பாளரைக் கட்டிப்போடும் விதி. பொய்த்த கணிப்புகளையும் பட்டியலில் வைத்திருந்தால்தான் சோதிக்க முடியும். பலித்ததை மட்டும் நினைவூட்டுகிறவரைச் சோதிக்கவே முடியாது. கார்பினுக்கும் மெட் ஆபீஸுக்கும் இடையே நான் பார்க்கும் வித்தியாசம் இது.

அப்படிச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2014இல் மெட் ஆபீஸ் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையில், அவர்களது புதிய கணினி மாதிரி வட அட்லாண்டிக் அலைவைக் குளிர்காலத்துக்கு முன்பே ஓரளவு கணிக்கிறது என்று காட்டினார்கள். கணிப்புக்கும் நடந்ததற்கும் இடையிலான ஒட்டுறவு எண் சுமார் 0.6, முழுப் பொருத்தம் என்றால் அது 1. அந்த எண்ணை அதாலேயே பெருக்கி (0.36) பேச்சுவழக்கில் சொன்னால், ஆண்டுக்காண்டு நடக்கும் ஏற்ற இறக்கத்தில் ஐந்தில் இரண்டு பங்கை முன்கூட்டியே பிடிக்கலாம், மீதி மூன்று பங்கு கையில் சிக்காது. எரிவாயு வாங்கும் நிறுவனத்துக்கு இது பெரிய உதவி. 'ஜனவரியில் கல்யாணம் வைக்கலாமா' என்று கேட்பவருக்கு ஒன்றுமில்லை.

ஆகவே 2009இல் குற்றம் எண்ணில் இல்லை, சொல்லில் இருந்தது. 65 என்ற தயக்கமான எண்ணுக்கு 'பார்பிக்யூ' என்ற உறுதியான சட்டையை மாட்டியது மெட் ஆபீஸேதான். மக்கள் சராசரியையும் சதவீதத்தையும் புரிந்துகொள்ளவில்லை என்று பின்னால் குறைபட்டுக்கொள்வது அவ்வளவு நியாயமாகப் படவில்லை.

## 'நூறாண்டு காணாத குளிர்' எப்படிச் சமைக்கப்படுகிறது?

1. ஐரோப்பிய வானிலை மையம் தன் கணிப்பை ஒரே முறை ஓட்டுவதில்லை. தொடக்க அளவுகளைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி 51 முறை ஓட்டுகிறது. 51 விடைகளும் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்பதுதான் கணிப்பு. அதிலிருந்து மிகக் குளிரான ஒன்றை மட்டும் எடுத்து, ஊதா நிறப் படத்தோடு போட்டால் தலைப்பு தயார்.
2. 'வரலாம்', 'கூடும்' என்ற சொற்கள் கட்டுரையின் ஏழாவது பத்தியில் இருக்கும். தலைப்பில் இருக்காது.
3. பந்தயக்காரர்கள் 'வெள்ளைக் கிறிஸ்துமஸ்' வருமா என்று பந்தயம் விடுவார்கள். அந்த விகிதம் மாறுவதே ஒரு செய்தியாகிவிடும். மெட் ஆபீஸ் கணக்கில் வெள்ளைக் கிறிஸ்துமஸ் என்பதற்கு, டிசம்பர் 25 அன்று 24 மணி நேரத்துக்குள் நாட்டில் எங்காவது ஒரே ஒரு பனித்துகள் விழுவதைப் பார்த்தாலே போதும். தரை வெளுக்க வேண்டும் என்றுகூட இல்லை.

## ஒரு பானைச் சோறு

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். ஒரே நீர், ஒரே தீ, ஒரே அரிசி என்பதால் அந்தப் பழமொழி உலையில் செல்லுபடியாகிறது. பூமி அப்படிப்பட்ட பானை அல்ல. 2010 பிப்ரவரியில் வாஷிங்டன் பனியில் புதைந்தபோது, புவி வெப்பமாவதை மறுத்துவந்த செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃபின் குடும்பத்தினர் நாடாளுமன்றத்துக்கு அருகில் பனிக்குடில் கட்டி 'அல் கோரின் புதிய வீடு' என்று பலகை மாட்டினார்கள். அல் கோர், புவி வெப்பமாவதைப் பற்றி எச்சரித்துவந்த முன்னாள் துணை அதிபர். அதே பிப்ரவரியில் வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கில் சைப்ரஸ் மலையில் பனி போதாமல், லாரியிலும் ஹெலிகாப்டரிலும் ஏற்றிவந்து கொட்டினார்கள். அந்த 2010ஆம் ஆண்டையே மொத்தமாக அளந்து பார்த்தபோது, அதுவரை பதிவான மிக வெப்பமான ஆண்டுகளின் வரிசையில் முதலிடத்தைப் பங்கிட்டுக்கொண்டது. அதன் பிறகு வந்த பல ஆண்டுகள் அதையும் தாண்டிவிட்டன.

காலத்திலும் இதே கதைதான். மத்திய இங்கிலாந்து வெப்பநிலைப் பதிவு 1659இலிருந்து இருக்கிறது. கருவி வைத்து அளந்த பதிவுகளில் உலகிலேயே நீளமானது. அதில் 2010 டிசம்பரின் சராசரி மைனஸ் 0.7. ஐந்தே ஆண்டு கழித்து 2015 டிசம்பரின் சராசரி 9.7, பதிவிலேயே மிக வெப்பமான டிசம்பர். இப்படிப் பத்து டிகிரி ஏறி இறங்கும் ஊரில், நூறாண்டில் ஒரு டிகிரிச் சொச்சம் நகரும் சராசரியை யாரும் தோலால் உணர முடியாது. கணக்கில்தான் தெரியும்.

ஐம்பது ஆண்டுக் கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. உலையில் அடுத்த குமிழ் எந்த இடத்தில் கிளம்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. தீயைக் கூட்டினால் நீர் சூடேறும் என்று சொல்ல அது தெரிய வேண்டியதில்லை. கரியமில வாயு கூடுவது தீயைக் கூட்டுவது. இந்த டிசம்பரில் பனி எங்கே விழும் என்பது குமிழ்.

ஆனாலும் மனம் குமிழைத்தான் பார்க்கிறது. 2009 நவம்பரிலும் 2010 பிப்ரவரியிலும் பிபிசிக்காக எடுத்த கருத்துக்கணிப்புகளில், புவி வெப்பமாகிறது என்று ஏற்றவர்கள் 83 சதவீதத்திலிருந்து 75 ஆகக் குறைந்தார்கள். குளிரை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. நவம்பரில்தான் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகக் காலநிலை ஆய்வாளர்களின் மின்னஞ்சல்கள் திருடப்பட்டு வெளியாகி, அவர்கள் மேல் ஐயத்தைக் கிளப்பியிருந்தன. அதே பல்கலைக்கழகத்தின் டேவிட் வைனர், 2000ஆம் ஆண்டில், இன்னும் சில ஆண்டுகளில் பனிப்பொழிவு மிக அரிதாகிவிடும் என்று பத்திரிகைக்குச் சொன்னதையும் தேடியெடுத்துச் சுற்றுக்கு விட்டார்கள். நீண்ட காலப் போக்கை அடுத்த சில குளிர்காலங்களுக்கான வாக்குறுதிபோலப் பேசியது, பார்பிக்யூவின் அண்ணன் தம்பிதான்.

ஆர்க்டிக் சூடாவதால் துருவச் சுழல் அடிக்கடி உடைந்து, நடு அட்சப் பகுதிகளில் கடுங்குளிர் கூடுகிறதா என்பதில் அறிவியலாளர்களுக்குள்ளேயே இன்னும் வழக்கு தீரவில்லை. எந்தக் குளிர் வந்தாலும் 'இதுவும் வெப்பமயமாதலால்தான்' என்று அடித்துச் சொல்கிறவர்களையும் அதே ஐயத்தோடு கேட்கலாம்.

## உப்பும் ஒரு வெள்ளைக் குழாயும்

இந்தக் குழப்பத்தின் விலையை யார் கொடுத்தார்கள் என்று பார்த்தால், விஷயம் பத்திரிகைத் தலைப்பைவிட்டு வெளியே வந்துவிடும்.

பிரிட்டனில் சாலை உறையாமல் இருக்கப் பாறை உப்பைத் தூவுகிறார்கள். மிதமான குளிர்காலங்கள் பல வந்து போன பழக்கத்தில் உள்ளாட்சிகள் இருப்பைக் குறைத்திருந்தன. 2010 ஜனவரியில் உப்பைப் பங்கிட்டுத் தர வேண்டியதாயிற்று. வீடுகளில் வேறொரு கூத்து. வீட்டைச் சூடாக்கும் புதுவகை பாய்லர்கள் வெளியேற்றும் நீர், வெளிச்சுவரில் ஓடும் 21.5 மில்லிமீட்டர் வெள்ளை பிளாஸ்டிக் குழாய் வழியாக வடியும். கடுங்குளிரில் அந்த மெல்லிய குழாய் உறைந்து அடைத்துக்கொள்ளும். பாய்லர் களக் களக் என்று சத்தம் போட்டுவிட்டு நின்றுவிடும், அதுவும் ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவில். கெண்டியில் வெதுவெதுப்பான நீரை எடுத்துக்கொண்டு இருட்டில் சுவரோரம் போய் ஊற்றியவர்கள் ஏராளம். வெளியே போகும் குழாய் 32 மில்லிமீட்டராவது இருக்கட்டும் என்ற அறிவுரை அதற்கு அப்புறம்தான் பரவலானது.

உப்புச் சிக்கலை ஆராய அரசு டேவிட் குவார்ம்பி தலைமையில் ஒரு குழு வைத்தது. 2010 அக்டோபரில் வந்த அதன் இறுதி அறிக்கை, மெட் ஆபீஸின் கணக்கை மேற்கோள் காட்டி, அடுத்த குளிர்காலம் கடுமையாக இருக்க இருபதில் ஒரு வாய்ப்பு என்றது. அதே குழு, எந்தக் கணிப்பு வந்தாலும் சரி, தொடர்ந்து 12 நாள் தூவும் அளவுக்கு உப்பைக் குளிர்காலத்துக்கு முன்பே குவித்து வையுங்கள் என்றும் உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்திருந்தது. அறிக்கை வந்த ஐந்தாவது வாரம் பனி கொட்டத் தொடங்கியது.